உதைபந்தாட்ட ஆட்சியும் இலஞ்சமும்

உலகில் வழங்கும் விளையாட்டுக்களுள் உதைபந்தாட்டத்தைப் போல எளிமையும் சமத்துவமும் வாய்ந்தது பிறிதொன்றில்லை எனலாம். ஒரு பந்தும் சிறிது வெளியும் இருந்தாற் போதும். செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலியாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே பந்தின் பின்னே ஓடுவர். அதன் விதிகள் 17 மாத்திரமே. பந்து கோட்டினை முற்றாகக் கடந்தாலன்றிக் கோல் ஆகாது என்னும் விதி பிறேசில் தேசத்து வீரருக்கும் ஒன்றுதான். எமது கல்லூரியின் கனிட்ட பிரிவினருக்கும் ஒன்றுதான். களத்தில் நடப்பதெல்லாம் பலர் காண நடக்கின்றது. தவறு செய்தவனை மத்தியஸ்தர் காணத் தவறினும் சுற்றி நிற்போர் சும்மா விடார்.

ஆயின், அவ்விளையாட்டை உலகளாவ ஆளுகின்ற சபையின் அலுவல்கள் அவ்வாறு பலர் காண நடைபெற்றன அல்ல. கடந்த அரை நூற்றாண்டிலே அச்சபையின் பெரியோர் பலர் இலஞ்சப் பழிக்கு ஆளாயினர். சிலர் சிறை சென்றனர். சிலர் ஆயுட்காலத் தடை பெற்றனர். சிலர் குற்றமற்றவர் என நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். இச்செய்திகளைப் பத்திரிகைகளில் துண்டு துண்டாக வாசித்த நம்மவருட் பலர், ‘அது பெரிய இடத்துச் சங்கதி’ என்று தள்ளிவிட்டனர். இக்கட்டுரையில் நாம் செய்யக் கருதியது தனி மனிதரைத் தூற்றுவதன்று. அவ்வூழல் எவ்வழியால் நுழைந்தது, எம்முறையால் இயங்கிற்று, ஏன் இத்துணைக் காலம் நிலைத்தது என்பவற்றை விளக்குவதே எமது நோக்கமாகும். இவற்றை அறிதல் சங்கங்களை நடத்தும் எவர்க்கும் பயன் தரும்.

முதற்கண் அச்சபையின் இயல்பினை நோக்குவாம். உதைபந்தாட்டச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனம், தன் பிரெஞ்சு மொழிப் பெயரின் முதலெழுத்துக்களாற் பீபா என வழங்கப்படுவது. அது 1904ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி பாரிசு நகரிலே பிரான்சு, பெல்சியம், டென்மார்க்கு, ஒல்லாந்து, ஸ்பானியா, சுவீடன், சுவிற்சலாந்து ஆகிய 7 நாடுகளின் பெயரால் நிறுவப்பட்டது. 1932இல் அதன் தலைமையகம் சுவிற்சலாந்தின் சூரிச் நகருக்கு மாறியது. அந்நாட்டின் குடியியற் சட்டத்தின்படி அது ஒரு சங்கம். அதாவது, சட்டத்தின் கண்ணில் அது அரசுமன்று, வர்த்தகக் கம்பனியுமன்று; நம்மூர் வாசிகசாலையைப் போல, அங்கத்தவர் கூடித் தமக்கென அமைத்துக்கொண்ட ஒரு கழகமே. கம்பனிகளின் கணக்கைப் பங்காளர் கேட்பர். அரசின் கணக்கைப் பாராளுமன்றம் கேட்கும். கழகத்தின் கணக்கைக் கேட்க வேண்டியவர் அதன் அங்கத்தவரே.

நெடுங்காலம் இக்கழகத்தின் கையிருப்புச் சொற்பமாகவே இருந்தது. தொலைக்காட்சி வந்து, உலகக் கிண்ணப் போட்டிகளை வீட்டிலிருந்தே கோடிக்கணக்கானோர் காணத் தொடங்கியபின் நிலைமை மாறிற்று. 2011 முதல் 2014 வரையான நான்கு ஆண்டுகளில் பீபாவின் வருமானம் 570 கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்டது. 2019 முதல் 2022 வரையான நான்கு ஆண்டுகளில் அது 750 கோடி டொலரையுங் கடந்தது. அமைப்பு வாசிகசாலையின் அமைப்பாகவே இருக்க, பணப்பெட்டி மட்டும் ஓர் அரசாங்கத்தின் பணப்பெட்டியாயிற்று. இன்று அதன் அங்கத்துவச் சங்கங்கள் 211. மகாநாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கு. சில ஆயிரம் மக்களே வாழும் மொன்செராற்று என்னும் கரிபியத் தீவுக்கும் ஒரு வாக்கு. உலகக் கிண்ணத்தைப் பன்முறை வென்ற பிறேசிலுக்கும் ஒரு வாக்கு. இம்மகாநாடே தலைவரைத் தெரிவு செய்கின்றது. 2016 வரை நாளாந்த அதிகாரம் 24 பேர் கொண்ட செயற்குழுவின் கையில் இருந்தது. உலகக் கிண்ணப் போட்டி எந்நாட்டில் நடைபெற வேண்டும் என்பதையும் 2010ஆம் ஆண்டின் தெரிவு வரை அக்குழுவே இரகசிய வாக்கினால் முடிவு செய்தது.

இனி, வரலாற்றிலே திருப்பம் நேர்ந்த ஆண்டாகிய 1974க்கு வருவாம். அதுவரை தலைவராயிருந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சேர் ஸ்ரான்லி றவுஸ். விளையாட்டின் விதிகளைச் செம்மையாக எழுதியமைத்த பெருமை அவருக்குண்டு. எனினும் ஆபிரிக்க, ஆசிய நாடுகளின் குறைகளை அவர் உணர்ந்தாரல்லர். 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திலே ஆபிரிக்காவுக்கென நிச்சயமான ஓரிடமேனும் ஒதுக்கப்படாமையால், ஆபிரிக்க நாடுகள் யாவும் அப்போட்டியிலிருந்து விலகின. நிறபேதம் பாராட்டிய தென்னாபிரிக்கச் சங்கம் மீண்டும் சேர்க்கப்படவேண்டும் என 1963இல் றவுஸ் முன்னின்று உழைத்தமை கறுப்பின மக்களின் மனத்தைப் புண்படுத்திற்று. இந்நிலையிற் பிறேசிலைச் சேர்ந்த ஜோவாவோ ஹவலாஞ்சு, நாடு நாடாகச் சென்று வாக்குக் கேட்டார். உலகக் கிண்ணத்தில் இடங்கள் கூட்டப்படும். இளைஞர் போட்டி ஏற்படுத்தப்படும். பயிற்சியாளர் அனுப்பப்படுவர் என வாக்களித்தார். 1974 யூன் மாதத்திற் பிராங்போட் நகரிற் கூடிய மகாநாட்டில் 68க்கு 52 என்னும் வாக்குகளால் வென்றார்.

வாக்களித்தவற்றை அவர் நிறைவேற்றினார் என்பதையும் சொல்லுதல் வேண்டும். 1977இல் துனீசியாவிலே முதலாவது உலக இளைஞர் போட்டி நடைபெற்றது. 1982இல் உலகக் கிண்ணப் போட்டியில் இடங்கள் 16இலிருந்து 24 ஆயின. ஆகவே, 1974இல் நிகழ்ந்தது வெறும் சூழ்ச்சியன்று. ஒதுக்கப்பட்டோரின் நியாயமான குரலும் அதில் ஒலித்தது. ஆனால், இத்திட்டங்களுக்கெல்லாம் பணம் வேண்டியிருந்தது. அதனைப் பெருங் கம்பனிகளிடமிருந்து பெறும் வழியையும் ஹவலாஞ்சு திறந்தார். நீதி நுழைந்த அதே வாயிலால் ஊழலும் நுழைந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளார்.

ஊழல் இயங்கிய முறை யாது? அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். ஒரு சங்கத்துக்குச் சொந்தமான தென்னந்தோப்பு இருக்கின்றது எனக் கொள்வோம். அதன் ஆண்டுக் குத்தகை சந்தையில் ஆயிரம் ரூபா பெறும். சங்கத்தின் தலைவர் கேள்வி கோராது, தமக்கு வேண்டிய ஒருவருக்கு அதனை அறுநூறு ரூபாவுக்குக் கொடுக்கின்றார். குத்தகைக்காரர் மிஞ்சிய நானூறில் நூறு ரூபாவைத் தலைவரின் கையில் வைக்கின்றார். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் அதில் ஒரு குற்றமும் தோன்றாது. அறுநூறு ரூபா வரவு, பற்றுச்சீட்டு உண்டு. களவுபோனது பெட்டியிலிருந்த பணமன்று. பெட்டிக்கு வந்திருக்க வேண்டிய பணம். உதைபந்தாட்டத்திலே தோப்பின் இடத்தில் இருந்தவை தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமையும் விளம்பர உரிமையுமாம். குத்தகைக்காரரின் இடத்தில் இருந்தவை விளையாட்டு வர்த்தகக் கம்பனிகள்.

அவற்றுட் பேர்பெற்றது ஐ.எஸ்.எல். என்னும் கம்பனி. அடிடாஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஹோஸ்ற் டாஸ்லர் 1982இல் அதனைத் தொடக்கினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உலகக் கிண்ணத்தின் வர்த்தக உரிமைகள் அதன் கையில் இருந்தன. 2001இல் அது வங்குரோத்து அடைந்தது. கடன்காரர் கணக்குகளைக் கிளறியபோதே இரகசியக் கொடுப்பனவுகள் வெளிவந்தன. சுவிற்சலாந்தின் சூக் மாநில வழக்குத் தொடுநரின் ஆவணம் 2012 யூலையிற் பகிரங்கமாயிற்று. ஹவலாஞ்சு 1997இல் 15 இலட்சம் சுவிஸ் பிராங்கும், அவருடைய மருமகனாயிருந்தவரும் பிறேசிற் சங்கத்தின் தலைவருமான றிக்கார்டோ ரெய்க்சேய்ரா 1992 முதல் 1997 வரை ஏறத்தாழ 127 இலட்சம் பிராங்கும் பெற்றனர் என அது காட்டிற்று. ஹவலாஞ்சுக்கென அனுப்பப்பட்ட தொகையொன்று தவறிப் பீபாவின் கணக்கிலேயே வந்து சேர்ந்த விந்தையும் நிகழ்ந்தது. அவ்வாறு வந்தும் அங்கிருந்தோர் அதைப் பகிரங்கப்படுத்தினரல்லர். 2013 ஏப்பிரலில் ஹவலாஞ்சு தமது கௌரவத் தலைவர் பதவியைத் துறந்தார்.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அக்கொடுப்பனவுகள் நடந்த காலத்தில், தனியார் ஒருவருக்கு வர்த்தக நோக்கத்தோடு இலஞ்சங் கொடுத்தல் சுவிற்சலாந்திலே தண்டனைக்குரிய குற்றமாக இருக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தன் கைநீட்டினால் இலஞ்சம். கழகத் தலைவன் கைநீட்டினால் அது தரகு. பெற்றோர் பெற்றவற்றில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டினர், வழக்கும் முடிவடைந்தது. உலகின் பெரிய விளையாட்டுச் சபைகள் பல சுவிற்சலாந்தில் வீடமைத்துக்கொண்டமைக்கு அந்நாட்டின் நடுநிலைமையும் இதமான வரிச்சட்டமும் காரணங்கள் என்பர். அங்குள்ள சட்டத்தின் இந்த ஓட்டையும் இலஞ்சம் பெற்றோருக்கு நிழலாயிற்று.

தென் அமெரிக்காவில் நிலை இதனினும் வினோதமானது. அக்கண்டத்துச் சம்மேளனத்தின் தலைமையகம் பரகுவே நாட்டிலுள்ளது. அந்நாட்டுப் பாராளுமன்றம் 1997இல் இயற்றிய சட்டம் ஒன்றினால் அக்கட்டிடம் வெளிநாட்டுத் தூதரகத்தைப் போன்ற பாதுகாப்பைப் பெற்றது. பொலிசார் உள்ளே புகுந்து சோதனையிட இயலாது. பந்து விளையாட்டை நடத்தும் ஒரு கழகத்துக்குத் தூதரகப் பாதுகாப்பு எதற்கு என்று அப்போது கேட்டவர் சிலரே. 2015 யூனிலேதான் அப்பாதுகாப்பு நீக்கப்பட்டது.

நீக்கப்படுவதற்குக் காரணமாயிருந்தது சூரிச் நகரில் நடந்த ஒரு சம்பவம். 2015 மே 27ஆந் திகதி விடியற்காலையில், மகாநாட்டுக்காக வந்து ஆடம்பர விடுதியொன்றில் தங்கியிருந்த பிரதிநிதிகளுள் 7 பேரைச் சுவிஸ் பொலிசார் கைது செய்தனர். விடுதிப் பணியாளர் படுக்கை விரிப்புக்களைத் தூக்கிப் பிடித்து அவர்களின் முகங்களை மறைத்த படம் உலகெங்கும் வெளிவந்தது. அதே நாளில் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் நீதித் திணைக்களம் 14 பேர்மீது 47 குற்றச்சாட்டுக்களைச் சுமத்திற்று. 24 ஆண்டுகளில் 15 கோடி டொலருக்கு மேற்பட்ட இலஞ்சம் கைமாறியது அல்லது பேசப்பட்டது என்பது அதன் சாரம். டிசம்பரில் மேலும் 16 பேர் சேர்க்கப்பட்டனர்.

அமெரிக்காவுக்கு இதில் என்ன உரிமை என்று அக்காலத்திற் பலர் வினவினர். விடை எளிது. இலஞ்சப் பணம் அமெரிக்க வங்கிகளினூடாகச் சென்றது. பேரங்கள் சில அமெரிக்க மண்ணில் நிகழ்ந்தன. அன்றியும், பீபாவின் செயற்குழுவில் அமெரிக்க அங்கத்தவராயிருந்த சக் பிளேசர் என்பார் வருமானவரி கட்டாது விட்டு அகப்பட்டுக்கொண்டார். சிறைக்கஞ்சிய அவர் அதிகாரிகளுக்குத் துணையாகித் தம் நண்பர்களின் பேச்சை இரகசியமாக ஒலிப்பதிவு செய்துகொடுத்தார். 2013 நவம்பரில் மூடிய நீதிமன்றத்திலே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1998, 2010 ஆகிய ஆண்டுகளின் உலகக் கிண்ணங்களை எங்கு நடத்துவது என்னும் தெரிவு தொடர்பாகத் தாமும் வேறு சிலரும் இலஞ்சம் பெற இசைந்ததாக அவர் கூறியுள்ளார். தென்னாபிரிக்கா தன் சார்பில் அனுப்பப்பட்ட 1 கோடி டொலர் இலஞ்சமன்று, கரிபிய நாடுகளின் உதைபந்தாட்ட வளர்ச்சிக்கான நன்கொடையே என்று மறுத்தது. பிறேசிலின் விளையாட்டு வர்த்தகர் ஜோசே ஹவில்லா குற்றத்தை ஒப்பி, 15 கோடியே 10 இலட்சம் டொலரை இழக்க உடன்பட்டார். 2017 டிசம்பரில் புறுக்ளின் நீதிமன்றத்து யூரிமார் பரகுவேயைச் சேர்ந்த ஹுவான் ஏஞ்சல் நபூற்றையும் பிறேசிலைச் சேர்ந்த ஜோசே மரியா மரினையும் குற்றவாளிகள் எனக் கண்டனர். முன்னவருக்கு 9 ஆண்டும் பின்னவருக்கு 4 ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. அதே வழக்கிற் பெரு நாட்டைச் சேர்ந்த மானுவல் பூர்கா விடுதலையானார். 2021இல் அமெரிக்க அரசு கைப்பற்றிய பணத்திலிருந்து 20 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை உதைபந்தாட்டத்தின் வளர்ச்சிக்கென மீளளிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

உரிமை விற்பனை ஒரு வாயில் எனின், வாக்கு விற்பனை மற்றொரு வாயில். 24 பேர் இரகசியமாக வாக்களித்து, பல நூறு கோடி பெறுமதியான ஒரு விழாவை ஒரு நாட்டுக்கு வழங்குகின்றனர் என்றால், 13 பேரின் மனத்தை மாற்றினாற் போதும் என்பது கணக்கறிந்த எவருக்கும் விளங்கும். 2000ஆம் ஆண்டிலே யேர்மனி 12க்கு 11 என்னும் வாக்குகளால் தென்னாபிரிக்காவை வென்று 2006ஆம் ஆண்டுப் போட்டியைப் பெற்றது. ஓர் அங்கத்தவர் வாக்களியாது ஒதுங்கினார். பின்னர் 2015இல், 67 இலட்சம் யூரோ கொண்ட விளக்கமற்ற கொடுப்பனவு ஒன்று வெளிவந்து, யேர்மன் சங்கத்தின் தலைவர் வொல்வ்காங் நீர்ஸ்பாக் பதவி விலகினார். அப்பணத்தின் உண்மை நோக்கம் இன்றுவரை தெளிவாகவில்லை. 2010 டிசம்பர் 2ஆந் திகதி, 2018ஆம் ஆண்டுப் போட்டி இரசியாவுக்கும் 2022ஆம் ஆண்டுப் போட்டி கட்டாருக்கும் வழங்கப்பட்டன. இறுதிச் சுற்றிலே கட்டார் 14, அமெரிக்கா 8. அன்று வாக்களித்தோர் 22 பேரே; எஞ்சிய இருவர், வாக்குக்கு விலை பேசியதாகப் பத்திரிகையாளரிடம் அகப்பட்டு முன்னரே இடைநிறுத்தப்பட்டிருந்தனர். இத்தெரிவுகளில் இலஞ்சம் பாய்ந்தது என 2020இல் அமெரிக்க வழக்குத் தொடுநர் குறிப்பிட்டனர்; இரு நாடுகளும் அதனை மறுத்துள்ளன. பீபா நியமித்த மைக்கேல் கார்சியா நெடுநாள் விசாரித்தெழுதிய அறிக்கையை முழுமையாக வெளியிடப் பீபா 2017 வரை தாமதித்தது. தமது அறிக்கையின் சுருக்கம் தம் கருத்தைத் திரித்துக் கூறியது எனக் கண்ட அவர், 2014லேயே பதவி துறந்தார்.

இவ்விடத்தில் நாம் மிக முக்கியமெனக் கருதும் விடயத்துக்கு வருகின்றோம். கடிதவுறையில் வைத்துக் கொடுக்கும் பணம் இலஞ்சம் என்பதை எவரும் அறிவர். ஆனால், முறைப்படி, கணக்கிற் பதிந்து, கைதட்டலின் மத்தியிற் கொடுக்கப்படும் உதவிப்பணமும் இலஞ்சத்தின் வேலையைச் செய்யக்கூடும். பீபாவின் பணப்பெட்டியிலிருந்து ஒவ்வொரு சங்கத்துக்கும் மைதானம் அமைக்கவும் அலுவலகம் கட்டவும் பணம் செல்கின்றது. ஏழைச் சங்கங்களுக்கு அது பெரும் உதவி, இன்றியமையாத உதவியுமாம். ஆனால், அதனைப் பங்கிடும் தலைமையைத் தெரிவு செய்பவரும் அதனைப் பெறுபவரும் ஒருவரே. தலைவரைக் கணக்குக் கேட்க வேண்டியவர் தலைவரின் கையை எதிர்பார்த்து நிற்கின்றார். 2015ஆம் ஆண்டு மே 27இல் மேற்கூறிய கைது நிகழ்ந்தது. இரண்டே நாளின்பின், மே 29இல், அதுவரை 17 ஆண்டு தலைவராயிருந்த செப் பிளாற்றர் 133க்கு 73 என்னும் வாக்குகளால் மீண்டும் முன்னின்றார். அந்த 133 பேரும் இலஞ்சம் வாங்கினர் என்று நாம் கூறோம். பலர் நன்றிக்கடன் என நினைத்தே வாக்களித்திருப்பர். ஆனால் அந்நன்றி எவர் பணத்தால் வாங்கப்பட்டது? விளையாட்டுக்குச் சொந்தமான பணத்தாலன்றோ! நான்கு நாள்களில் அவர் பதவி துறப்பதாக அறிவித்தார். பின்னர், மிசேல் பிளாற்றினிக்கு 2011இல் வழங்கிய 20 இலட்சம் பிராங்கின் பொருட்டு இருவரும் பீபாவின் ஒழுக்கக் குழுவால் தடைசெய்யப்பட்டனர். சுவிஸ் நீதிமன்றங்கள் 2022இலும் மேன்முறையீட்டில் 2025இலும் அவ்விருவரையும் அவ்விடயத்திற் குற்றமற்றவர் என விடுவித்தன என்பதையும் நேர்மை கருதி ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

எமது நாடும் இவ்வரலாற்றுக்கு முற்றும் புறம்பானதன்று. இலங்கைச் சங்கத்தின் முன்னாள் தலைவரும் பீபாவின் செயற்குழு அங்கத்தவருமாயிருந்த ஒருவர் 2013இல் முதலில் 8 ஆண்டுகளுக்கும், பின்னர் ஆயுட்காலத்துக்கும் தடைசெய்யப்பட்டார். 2023 சனவரியில் எமது சங்கமே பீபாவால் இடைநிறுத்தப்பட்டு, ஆகத்து மாத இறுதியில் மீளச் சேர்க்கப்பட்டது. வெளியார் தலையீடு என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அரசாங்கங்கள் சங்கங்களில் தலையிடலாகாது என்னும் பீபாவின் விதி இருமுனையும் கூரியது. அரசியல்வாதியின் கையிலிருந்து விளையாட்டைக் காக்க அது உதவுகின்றது; ஆனால், ஊழல் செய்யும் சங்கத்தின்மேல் நாட்டின் சட்டம் கைவைக்கவும் அதுவே தயங்கச் செய்கின்றது. இரண்டிலும் துன்புறுபவர் நிருவாகிகள் அல்லர். பன்னாட்டுப் போட்டியில் ஆடும் வாய்ப்பை இழக்கும் இளைஞரே.

நிகழ்ந்த சீர்திருத்தங்களையும் எடைபோடுதல் வேண்டும். 2016 பெப்ரவரியில் ஜியானி இன்பன்ரீனோ 115க்கு 88 என்னும் வாக்குகளால் தலைவராயினார். அதே நாளில் செயற்குழுவுக்குப் பதிலாக 37 பேர் கொண்ட ஆலோசனை மன்றம் அமைக்கப்பட்டது. தலைவர் 12 ஆண்டுகளுக்கு மேற் பதவி வகிக்கலாகாது என விதிக்கப்பட்டது. போட்டி நடைபெறும் நாட்டை மகாநாடே தெரிவு செய்யும், ஒவ்வொரு நாட்டின் வாக்கும் பகிரங்கமாகும் என்னும் முறையும் வந்தது. 2018இல் அவ்வாறே வட அமெரிக்க நாடுகள் மொறொக்கோவை 134க்கு 65 என வென்றன. 2016 யூலை முதல் சுவிற்சலாந்திலே தனியாரிடை இலஞ்சமும் குற்றமாயிற்று. இவை நல்லன. ஆனால், 2017இல் ஒழுக்கக் குழுவின் இரு தலைவர்களும் மீண்டும் நியமிக்கப்படாது விடப்பட்டனர். 2019இலும் 2023இலும் தலைவர் தெரிவு போட்டியின்றிக் கைதட்டலால் முடிந்தது. அவருடைய முதல் 39 மாதங்கள் 12 ஆண்டுக் கணக்கிற் சேரா என 2022 டிசம்பரில் மன்றம் கூறிற்று. 2030, 2034 ஆகிய ஆண்டுகளின் உலகக் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே விண்ணப்பமே இருந்த நிலையில், 2024 டிசம்பரிற் கைதட்டலாலேயே வழங்கப்பட்டன. கைதட்டலில் எவர் வாக்கும் பதியப்படுவதில்லை. விதி வாசலால் வந்தது. வழக்கம் சன்னலால் மீண்டும் உள்ளே வந்துவிட்டது.

இவற்றை வாசிப்போர் இரண்டு தவறான முடிவுகளுக்கு வருதல் கூடும். சிறிய நாடுகளுக்குச் சம வாக்குக் கொடுத்ததே தவறு என்பது ஒன்று. இது பொருந்தாது. வாங்கியவர் சிலர் சிறு நாட்டினராயின், கொடுத்தவர் பெரும்பாலும் பெரு நாட்டினர். ஐ.எஸ்.எல். ஐரோப்பியக் கம்பனி, பணம் சென்ற வங்கிகள் அமெரிக்க, சுவிஸ் வங்கிகள், 2018ஆம் ஆண்டுப் போட்டியை வேண்டிய இங்கிலாந்து கரிபியச் சங்கத்தின் விருந்தொன்றுக்கு 55,000 டொலர் செலவிட்டது. வாக்கைப் பறித்தால் 1966இன் அநீதியே மீளும். ‘தேன் எடுத்தவன் புறங்கை நக்காமல் விடுவானா?’ என்பது மற்றொன்று. நாம் அடிக்கடி சொல்லும் இப்பழமொழி பெருந்தீங்கு விளைக்கின்றது. புறங்கையில் ஒட்டிய துளியை நக்குதல் வேறு. குடத்தை வீட்டுக்குத் தூக்கிச் செல்லுதல் வேறு. முதலாவதைச் சிரித்துக்கொண்டே மன்னிக்கும் சமூகம் இரண்டாவதைக் கண்டுபிடிக்கும் கூர்மையை இழந்துவிடும்.

வேண்டுவன மூன்றெனக் கூறலாம். சங்கத்தின் சொத்தையும் உரிமையையும் பகிரங்கக் கேள்வியாலன்றிக் கொடுத்தலாகாது. பணத்தைப் பங்கிடுபவர் வேறாகவும் கணக்கைப் பரிசோதிப்பவர் வேறாகவும் இருத்தல் வேண்டும். பரிசோதிப்பவரை நீக்கும் அதிகாரம் பங்கிடுபவர்க்கு இருத்தலாகாது. பதவிக் காலத்துக்கு எல்லை இருத்தல் வேண்டும். அவ்வெல்லையைப் பதவியிலிருப்போரே நீட்டிக்கொள்ளலாகாது. இவை 211 நாடுகளின் சம்மேளனத்துக்கு எவ்வளவு அவசியமோ, இருபது பேர் கொண்ட விளையாட்டுக் கழகத்துக்கும் அவ்வளவு அவசியம். எமது மாணவருட் பலர் நாளை எத்தனையோ சங்கங்களின் காரியதரிசிகளாகவும் தனாதிகாரிகளாகவும் அமர்வர். பழைய மாணவருட் பலர் இன்றே அமர்ந்துள்ளனர்.

இறுதியாக ஒரு நிகழ்ச்சியைக் கூறி முடிப்பாம். 2011 மே மாதத்திலே, தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட கட்டார் நாட்டவர் ஒருவர் கரிபியப் பிரதிநிதிகளைச் சந்திக்கத் திரினிடாட் தீவின் தலைநகருக்கு வந்தார். கூட்டத்தின்பின் பிரதிநிதிகள் ஒருவர்பின் ஒருவராக ஓர் அறைக்கு அழைக்கப்பட்டு, 40,000 டொலர் கொண்ட உறைகள் கொடுக்கப்பட்டனர். பகாமாசுச் சங்கத்தின் உப தலைவரும் ஓர் உறையைப் பெற்றார். திறந்து பார்த்தார், தம் தலைவரிடம் தொலைபேசியில் வினவினார். திருப்பிக் கொடுக்குமாறு விடை வந்தது. அப்பணத்தைச் சாட்சிக்காகப் படம் எடுத்துக்கொண்டு, உறையை அவ்வண்ணமே திருப்பிக் கொடுத்தார். அந்தப் படமே பின்னர் விசாரணைக்கு வித்தாயிற்று. முறைப்பாட்டை மேலிடத்துக்குக் கொண்டு சென்றவர் யாரெனின், பின்னாளிற் குற்றத்தை ஒப்பிய அந்தச் சக் பிளேசரேதான். மேலிருந்தோரின் கை எத்தகையதாயினும், கீழிருந்த ஒரு சிறு தீவின் இரண்டு மனிதர் தம் கையைத் தூயதாக வைத்திருந்தமையால் உண்மை வெளிவந்தது. பெருஞ் சபைகளைத் திருத்தும் ஆற்றல் எமக்கில்லை எனக் கருதும் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக. ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்னும் நீதி நிலைக்க வேண்டுமாயின், அந்த ஒரு வாக்கை விலைக்கு விற்காத ஒருவர் அதனைக் கையில் வைத்திருத்தல் வேண்டும்.